பழுது கேமராவிலா, செல்லிலா?

குடுபல்லியில் என் ஸ்டுடியோவுக்கு மறுபடியும் பிலிம் கேமராக்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. குப்பத்தில் படிக்கும் பிள்ளைகள் பரணில் கிடந்த தாத்தாவின் கேமராவைத் துடைத்து, வீட்டிலிருக்கும் சார்ஜ் செல்லைப் போட்டுப் பார்த்துவிட்டு, "செத்துப்போச்சுண்ணா" என்று கொண்டுவருகிறார்கள். திருகாணியைக் கழற்றுவதற்கு முன் நான் பார்ப்பது செல்லைத்தான்.

முதலில் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2 போன்றவற்றின் ஷட்டர் செல் இல்லாமலே ஓடும். பட்டன் செல் வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். அவற்றில் ஷட்டர் சிக்கினால் செல்லைக் குறை சொல்ல முடியாது. பிலிமை மோட்டார் சுற்றும் கேமராக்களும், பிளாஷ் உள்ளேயே அமைந்தவையும் செல்லை நம்பி இருப்பவை.

அந்தக் கேமராக்கள் பெரும்பாலும் 1.5 வோல்ட் பென்சில் செல்லை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. நிக்கல் சார்ஜ் செல் தருவது 1.2 வோல்ட். இரண்டு போட்டால் 3-க்குப் பதில் 2.4, நான்கு போட்டால் 6-க்குப் பதில் 4.8. சில கேமராக்கள் இதை ஏற்றுக்கொள்ளும். சில, செல் தீர்ந்துவிட்டது என்று எண்ணி நின்றுவிடும். எனவே புதிய அல்கலைன் செல்களைப் போட்டுப் பாருங்கள். ஓடினால் கேமரா நலமாக இருக்கிறது.

சார்ஜ் செல்லே ஆகாது என்று நான் சொல்லவில்லை. அது ஒரே நேரத்தில் அதிக மின்னோட்டம் தரும். பிளாஷ் சீக்கிரம் தயாராகும். கல்யாண இரவுகளில் என் பிளாஷுக்கு அதைத்தான் போட்டேன். ஆனால் சாதாரண சார்ஜ் செல் சும்மா வைத்திருந்தாலே இறங்கும், வெயிலில் இன்னும் வேகமாக. மே மாதக் கங்கம்மா ஜாத்திரைக்குப் போவதென்றால் முந்தின நாள் இரவே சார்ஜ் ஏற்றிவிடுவேன்.

மல்டிமீட்டர் காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். தேய்ந்துபோன செல்லும் வேலையில்லாதபோது 1.25 காட்டும். சின்ன டார்ச் பல்பை எரியவிட்டு, அது எரியும்போதே அளந்து பாருங்கள். 1 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் அந்தச் செல்லை ஒதுக்கிவிடுங்கள். பழையதையும் புதியதையும் கலக்கவும் கூடாது. வலுவான செல்கள் வலுவில்லாததைத் தலைகீழாக இழுத்துக் கெடுத்துவிடும். ஒன்றாக வாங்கியவற்றுக்கு ஒரே அடையாளம் போட்டு, ஒன்றாகவே சார்ஜ் செய்யுங்கள்.

செல் நன்றாக இருந்தும் ஓடவில்லையென்றால் செல் தொடும் தகட்டைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் எப்போதோ அல்கலைன் செல் கசிந்திருக்கிறது. அது காரம், கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சுக் குச்சியில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடையுங்கள். பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். சாறு தங்கினால் அதுவே தகட்டை அரிக்கும். பிளாஷ் கூட்டை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே கெப்பாசிட்டரில் முந்நூறு வோல்ட் வரை தேங்கி நிற்கும்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது லித்தியம் சார்ஜ் செல். சிஆர்123ஏ என்பது 3 வோல்ட் செல். அதே உருவத்தில் விற்கும் சார்ஜ் செல் பல 3.7 வோல்ட், முழுதாக ஏறினால் 4.2. இரண்டு போடும் கேமரா 6 வோல்ட் எதிர்பார்க்கும், கிடைப்பது 8.4. குறைந்த வோல்ட்டில் கேமரா நின்றுதான் போகும். கூடினால் சர்க்யூட் எரியும், அதற்கு உதிரி பாகம் இன்று கிடைப்பது அரிது. செல் கதவின் உள்பக்கம் அச்சிட்டிருப்பதைப் படித்த பிறகே செல் வாங்குங்கள்.

பிலிம் விலை ஏறிக் கிடக்கிறது. ஆகவே பிலிம் போடாமலே பின்கதவைத் திறந்து, ஷட்டர், மோட்டார், பிளாஷ் மூன்றையும் பலமுறை ஓட்டிப் பாருங்கள். எல்லாம் தடங்கலில்லாமல் ஓடினால் ரோலைப் போடலாம். வேலை முடிந்து கேமராவை எடுத்து வைக்கும்போது செல்லைக் கழற்றித் தனியே வையுங்கள்.