புதிய எபிசோடு வந்தாச்சு! முடிவை முன்கூட்டியே சொல்லாமல் கம்ப்யூட்டரின் வாயைக் கட்டுவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது வைரஸ் பற்றி. அடுத்து, தமிழில் டைப் செய்வது எப்படி என்று கேட்பார்கள். 2026 ஜனவரியில் காஞ்சிபுரம் போயிருந்தபோது எங்கள் பெரியப்பா கேட்ட கேள்வி வேறு மாதிரி இருந்தது.

"கதையோட முடிவை நான் பாக்கறதுக்கு முன்னாடியே இந்தப் பெட்டி எனக்கு ஏம்ப்பா சொல்லுது?"

சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்று பெயர். ஆனாலும் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அவருக்கு நான் உட்கார்ந்து விளக்கியதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

ஜீனோவுக்காகக் காத்திருந்த தறி

பெரியப்பா பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெசவாளர். கோர்வைச் சேலை நெய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெய்வார், மறுபக்க பார்டருக்கான நாடாவை இன்னொருவர் தள்ளுவார். 1980களில் பெரியப்பாவுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர் அவருடைய சிநேகிதர். அப்போதுதான் ஆனந்த விகடனில் சுஜாதா 'என் இனிய இயந்திரா' எழுதிக்கொண்டிருந்தார். அன்றைக்கு எதிர்காலமாக இருந்த 2021-ம் ஆண்டு வாக்கில் நடக்கும் விஞ்ஞானக் கதை அது. ஜீவா என்ற சர்வாதிகாரி, நிலா என்ற பெண், எல்லோருக்கும் மேலாக ஜீனோ என்ற இயந்திர நாய். வாரா வாரம் இதழ் வந்ததும் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் கேட்பாராம். பிறகு அடுத்த இதழ் வரும் வரை தறியில் அதே பேச்சுத்தான்.

"ஜீனோவுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு ஒரு வாரம் பூரா பயந்துட்டு இருந்தோம்ப்பா" என்று இன்றும் சொல்வார். (என்ன ஆனது என்று நான் சொல்ல மாட்டேன். படிக்காதவர்கள் படித்துக்கொள்ளுங்கள்.) சுஜாதா அதன் தொடர்ச்சியாக 'மீண்டும் ஜீனோ' எழுதினார். முதல் கதை தூர்தர்ஷனில் சீரியலாகவும் வந்தது.

ரசிகர்களின் பேச்சுக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 1966-ல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரை இரண்டாவது சீசனோடு நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு கிளம்பியபோது, ரசிகர்கள் என்.பி.சி. தொலைக்காட்சிக்குக் கடிதங்களாக எழுதிக் குவித்தார்கள். தொடர் நீடிக்கும் என்று 1968 மார்ச்சில் அந்த நிறுவனம் திரையிலேயே அறிவித்தது. மூன்றாவது சீசன் வந்தது.

ஆக, கதையைப் பற்றிப் பேசுவது புதிதல்ல. அது கதையை ரசிப்பதில் பாதி. மாறியிருப்பது வேகம்தான்.

ஜனவரி 1, காலை 6.30

பெரியப்பா லேப்டாப் வாங்கிய பிறகு பிடித்துக்கொண்ட தொடர் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்'. நெட்ஃபிளிக்ஸில் 2016-ல் தொடங்கியது. டஃபர் சகோதரர்கள் உருவாக்கியது. தமிழ்க் குரலிலும் கிடைக்கிறது. கதை 1980களில் ஓர் அமெரிக்கச் சிற்றூரில் நடக்கிறது. "எண்பதுல உக்காந்து 2021-ஐப் படிச்சேன். இப்ப 2025-ல உக்காந்து எண்பதைப் பாக்கறேன்" என்று சிரிப்பார்.

கடைசி சீசன் மூன்று பகுதிகளாக வந்தது. 2025 நவம்பர் 27 காலை 6.30 மணிக்கு (நம் நேரம்) முதல் நான்கு எபிசோடுகள், டிசம்பர் 26-ல் மூன்று, 2026 ஜனவரி 1 காலை 6.30-க்குக் கடைசி எபிசோடு. நவம்பரில் கூட்டம் தாங்காது என்று தெரிந்து இணைய அலைவரிசையை 30 சதவீதம் கூட்டியிருப்பதாக ராஸ் டஃபர் சொல்லியிருந்தார். அப்படியும் வெளியான நேரத்தில் பலருக்குச் சில நிமிடங்கள் நெட்ஃபிளிக்ஸ் வேலை செய்யவில்லை.

இதைக் கவனியுங்கள். விகடன் ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு நேரத்தில் வந்து சேரும். பக்கத்துத் தெருக்காரர் முந்திப் படித்துவிட்டால் அவரிடம் மட்டும் காதைப் பொத்திக்கொண்டால் போதும். இப்போது உலகம் முழுக்க ஒரே நொடியில் வெளியாகிறது. பார்த்து முடித்த ஒவ்வொருவரும் பக்கத்துத் தெருக்காரர்தான்.

புத்தாண்டு என்பதால் பெரியப்பா காலையில் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டார். கூட்டம். வீட்டுக்கு வர பதினோரு மணி. லேப்டாப்பைத் திறந்து ஒரு வீடியோ தளத்தில் சுப்ரபாதம் போடப் போனார். திரையில் முதல் படமே கடைசிக் காட்சி, மேலே கொட்டை எழுத்தில் முடிவு. போதாக்குறைக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "க்ளைமாக்ஸ் பார்த்து அழுதுட்டேன்" என்று ஒரு செய்தி. அதை அனுப்பியவன் சென்னையில் இருந்த நான்.

பெரியப்பா லேப்டாப்பை மூடி, மேலே ஒரு துண்டைப் போட்டுவிட்டாராம்.

கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிந்தது?

கம்ப்யூட்டருக்கு எதுவும் தெரியாது. நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு தளமும் உங்கள் விருப்பத்தைக் குறித்துவைத்துக்கொள்கிறது. அந்தத் தொடரின் டிரெய்லரை இரண்டு முறை பார்த்தால் போதும், 'இவருக்கு இது பிடிக்கும்' என்று முடிவு செய்து அதே விஷயத்தைக் கொண்டுவந்து கொட்டும். அந்த எபிசோடை நீங்கள் வேறொரு தளத்தில் பார்த்துவிட்டீர்களா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. உங்கள் ஆர்வம்தான் அதற்குத் தெரியும், அவகாசம் தெரியாது.

இப்படி முடிவை முன்கூட்டியே போட்டு உடைப்பதற்கு 'ஸ்பாய்லர்' என்று பெயர். அதைத் தடுக்கும் வழிகள் இதோ. எபிசோடு வெளியாவதற்கு முதல் நாளே செய்துவிடுங்கள்.

1. யூடியூப்: முதல் பக்கத்தில் வேண்டாத வீடியோவின் அருகே உள்ள மூன்று புள்ளிகளை க்ளிக் செய்து 'நாட் இன்ட்ரஸ்டட்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். முழுதாகவே நிறுத்த வேண்டுமானால் 'ஹிஸ்டரி' பக்கம் சென்று, பார்த்த வரலாற்றை அழித்துவிட்டு 'பாஸ் வாட்ச் ஹிஸ்டரி' கொடுக்கவும். முதல் பக்கம் காலியாகிவிடும். வேண்டியதைத் தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.

2. எக்ஸ் (பழைய ட்விட்டர்): செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் சேஃப்டி', அதற்குள் 'மியூட் அண்ட் பிளாக்', அதற்குள் 'மியூட்டட் வேர்ட்ஸ்'. தொடரின் பெயரையும் முக்கியப் பாத்திரங்களின் பெயர்களையும் சேர்க்கவும். 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று கால அளவும் கொடுக்கலாம். தமிழ், ஆங்கிலம் இரண்டு எழுத்திலும் சேர்க்க மறக்காதீர்கள்.

3. ஃபேஸ்புக்: ஓயாமல் அதையே எழுதும் நண்பரை 'ஸ்னூஸ்' செய்தால் 30 நாட்களுக்கு அவர் எழுதுவது உங்கள் கண்ணில் படாது. அவருக்கும் தெரியாது, மனஸ்தாபம் வராது.

4. வாட்ஸ்அப்: குழுவை 8 மணி நேரமோ ஒரு வாரமோ 'மியூட்' செய்யலாம். ஆனால் இது சத்தத்தைத்தான் நிறுத்தும். குழுவைத் திறந்தால் செய்தி அங்கேயே இருக்கும்.

மதிப்பெண்ணை நம்பலாமா?

பார்க்கலாமா வேண்டாமா என்று பலர் நட்சத்திர மதிப்பெண்ணைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். இதே சீசனின் ஏழாவது எபிசோடுக்கு ஐ.எம்.டி.பி. தளத்தில் விழுந்த மதிப்பெண், தொடரின் மற்ற எபிசோடுகளைவிட மிகவும் குறைவு. கதை பிடிக்காதவர்களும் உண்டு. அதில் ஒரு பாத்திரம் தன் அந்தரங்கத்தை வெளிப்படையாகச் சொல்வது பிடிக்காமல், கூட்டமாக வந்து பத்துக்கு ஒன்று போட்டவர்களும் உண்டு. இப்படித் திட்டமிட்டுத் தாக்குவதற்கு 'ரிவ்யூ பாம்பிங்' என்று பெயர். வெளியான உடனே வரும் மதிப்பெண் பெரும்பாலும் கோபமும் கொண்டாட்டமும்தான். ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். பத்தும் ஒன்றும் போட்டவர்களை விட்டுவிட்டு, ஆறு, ஏழு போட்டவர்கள் எழுதியதைப் படியுங்கள். காரணம் சொல்லுகிறவர்கள் அங்கேதான் இருப்பார்கள்.

உண்மையான ஆபத்து இங்கே

முடிவு தெரிந்துபோனால் வருத்தம் மட்டும்தான். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ரசிகர்களின் பரபரப்பு எங்கே இருக்கிறதோ அங்கே மோசடிக்காரர்களும் கடை விரிப்பார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை பெரியப்பா மனசு கேட்காமல் லேப்டாப்பைத் திறந்திருக்கிறார். "யாரும் பார்க்காத ரகசியக் காட்சி, இலவசம்" என்று ஒரு லிங்க். க்ளிக் செய்ததும் 'அலவ்' கொடுத்தால்தான் வீடியோ ஓடும் என்றது. கொடுத்தார். பிறகு ஒரு ஃபைலை டவுன்லோடு செய்யச் சொன்னது. அதையும் செய்தார். சற்று நேரத்தில் திரையின் வலது மூலையில் வரிசையாக எச்சரிக்கைகள்: 'உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள். உடனே இந்த எண்ணை அழையுங்கள்.'

சனிக்கிழமை காலை நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த எண்ணைப் போனில் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தார். ஏழு இலக்கம் முடிந்திருந்தது. அவருடைய வங்கிக் கணக்கில் இரண்டு சேலை நெய்த கூலி இருந்தது. நான் பஸ்ஸைத் தவறவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

நான் செய்ததை வரிசையாகத் தருகிறேன்.

1. பிரவுசரின் அனுமதியை நீக்குதல்: குரோமில் மேலே வலப்பக்கம் மூன்று புள்ளிகள், செட்டிங்ஸ், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்'. அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாத பெயர் எதுவாக இருந்தாலும் 'பிளாக்' செய்யவும். எச்சரிக்கைகள் உடனே நின்றன. அவை வைரஸ் செய்தியே அல்ல, அந்தத் தளம் அனுப்பிய விளம்பரங்கள்.

2. ஃபைலைச் சோதித்தல்: விண்டோஸ் 11-ல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து 'வியூ', 'ஷோ', 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' டிக் செய்யவும். ஃபைல் பெயரின் வால் தெரியும். வீடியோ ஃபைலின் வால் 'எம்பி4' அல்லது 'எம்கேவி' போல இருக்கும். வந்திருந்ததோ 'இஎக்ஸ்இ'. அது வீடியோ அல்ல, புரோகிராம். நல்லவேளை, அவர் அதைத் திறக்கவில்லை. அழித்தேன்.

3. முழுச் சோதனை: 'விண்டோஸ் செக்யூரிட்டி', 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடக்‌ஷன்', 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்', 'ஃபுல் ஸ்கேன்'. நேரம் எடுக்கும். காபி குடித்துவிட்டு வாருங்கள்.

ஒருவேளை பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

நினைவில் வையுங்கள்: வைரஸ் வந்தால் உண்மையான கம்ப்யூட்டர் நிறுவனம் எதுவும் திரையில் போன் நம்பர் காட்டி அழைக்கச் சொல்லாது.

நீங்களும் எழுதுங்கள்

எல்லாம் முடிந்ததும் பெரியப்பா கேட்டார்: "சரிப்பா, நான் பாத்தா யார்கிட்ட பேசறது?"

சிநேகிதர் இப்போது ஆரணியில் மகன் வீட்டில் இருக்கிறார். அவரும் அதே தொடரைப் பார்க்கிறார். பெரியப்பாவின் லேப்டாப்பில் தமிழ் எழுத ஏற்பாடு செய்தேன். செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்வேஜ்', 'லாங்வேஜ் அண்ட் ரீஜன்' சென்று தமிழைச் சேர்க்கவும். அதன் ஆப்ஷன்ஸில் 'தமிழ் பொனெட்டிக்' கீபோர்டைத் தேர்ந்தெடுக்கவும். ஆங்கில எழுத்துக்களில் ஒலிப்படி அடித்தால் தமிழில் வரும். விண்டோஸ் கீயையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.

ஞாயிற்றுக்கிழமை இரவு பெரியப்பா கடைசி எபிசோடைப் பார்த்தார். முடிவு தெரிந்திருந்தும் இரண்டு மணி நேரமும் நகரவில்லை. முடித்ததும் கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி சிநேகிதருக்கு ஒரே ஒரு சொல் அடித்தார்: 'பார்த்துட்டியா?'

பதில் வரும் வரை வேறு எதுவும் எழுதவில்லை. இரண்டு நாள் கழித்து 'பார்த்துட்டேன்' என்று வந்தது. அதன் பிறகுதான் தன் கருத்தை எழுதத் தொடங்கினார். ஒரு பக்கத்துக்கு மேல் போனது.

இணையத்தில் கருத்து எழுத இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியாது. நானும் இப்போது குடும்பக் குழுவில் எதையும் எழுதும் முன் அந்தக் கேள்வியைக் கேட்கிறேன். நீங்களும் அடுத்த எபிசோடுக்கு முயன்று பாருங்கள்.