கரப்பான் ஒட்டுவாரொட்டி அல்ல



ஆடிக் காற்றுக் காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் பல குழந்தைகளின் தோல் வறண்டு வெடிக்கிறது. சின்னமனூர், உத்தமபாளையம், கூடலூர்ப் பக்கத்துத் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கைக்குழந்தையின் கன்னம் சிவந்து நீர் கசிகிறது. வளர்ந்த பிள்ளைக்கு முழங்கை, முழங்கால் மடிப்புகளில் தோல் தடித்திருக்கிறது. "ராத்திரி முழுக்கச் சொறிகிறான்" என்பதே அவர்கள் முறையீடு. தூங்காத அந்தத் தாய், விடிந்ததும் திராட்சைத் தோட்டத்துக்கோ ஏலக்காட்டு ஜீப்புக்கோ போயாக வேண்டும்.

நம் மக்கள் கரப்பான் என்பதை மருத்துவர்கள் எக்ஸிமா என்கிறார்கள். இக்குழந்தைகளின் தோலுக்கு ஈரத்தைக் காத்துவைக்கும் வலிமை குறைவு. ஈரம் போனால் அரிப்பு, சொறிந்தால் புண், புண்ணானால் மேலும் அரிப்பு. சிலருக்கு இதற்குக் காரணம் ஒரு மரபணுக் குறை என்பது 2006-ல் தெரியவந்தது. ஆகவே இது பிறருக்குத் தொற்றாது. வீட்டில் பலருக்கும் இரவில் அரித்தால் மட்டும் அது சிரங்காக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு.

தாய்மார் செய்யும் தவறுகள் இரண்டு. 'கரப்பான் பண்டம்' என்று மீன், முட்டை, கத்தரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள், பிள்ளை மெலிந்துபோகிறது. மருத்துவர் சொல்லாமல் எதையும் நிறுத்த வேண்டாம். இரண்டாவது, கடையில் கேட்டு வாங்கும் களிம்பு. அதில் பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும்; மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும். பல ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டின்றி விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018-ல் உத்தரவிட்டது. மருத்துவர் அளவோடு தரும்போது அதே மருந்து நன்மை செய்யும்.

தினசரிப் பராமரிப்பு எளியது. வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடம் குளிப்பாட்டுங்கள். தேய்க்காமல் துணியால் ஒற்றி, ஈரம் காயுமுன் வாசலினோ தேங்காயெண்ணெயோ பூசுங்கள். தோல் நன்றாக இருக்கும் நாளிலும் இதை விடாதீர்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். பருத்தி உடை உடுத்துங்கள். சீழோ காய்ச்சலோ கண்டால் உடனே மருத்துவரிடம் வாருங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரக் குறைந்துவிடும்.

உங்கள் காணிக்கைக்கு நன்றி கூறுகிறோம். இம்முறை இன்னொன்றும் கேட்கிறோம். உங்கள் ஞாயிறு பள்ளியில் இப்படியொரு பிள்ளை கடைசியில் தனியே உட்கார்ந்திருந்தால், அதன் கையைப் பிடித்து மற்றவர்கள் நடுவே அமர்த்துங்கள். ஒட்டாது என்று நீங்கள் சொன்னால் ஊரார் நம்புவார்கள்.