கடற்கொள்ளையர் கேம்: கப்பல் உண்டு, கால் வைக்க இடமில்லை!

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு செல்லும் சாலையில் இருக்கும் ஊர் திருப்பாலைவனம். அங்கே உள்ள என் உறவினர் வீட்டில் முதல் முறையாக ஒரு லேப்டாப் வாங்கியிருக்கிறார்கள். கல்லூரியில் சேர்ந்திருக்கும் பையனுக்காக வாங்கியது. அவனுடைய அப்பா பழவேற்காடு ஏரியிலும் கடலிலும் தொழிலுக்குப் போகிறவர். நான் போயிருந்த அன்று பையன் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "மாமா, ஸ்கல் அண்ட் போன்ஸ் கேம் இதுல ஓடுமா? ஒருத்தன் சூப்பர்ன்றான், இன்னொருத்தன் காசு வேஸ்ட்ன்றான். யாரை நம்புறது?"

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய எல்லா வீட்டிலும் இப்படி ஒரு கேள்வி வரும். எனவே இந்த ஒரு கேமை எடுத்துக்கொண்டு, அது என்ன, ஆடியவர்கள் ஏன் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள், உங்கள் கம்ப்யூட்டரில் அது ஓடுமா என்பதைப் பார்த்துவிடலாம்.

யூபிசாப்ட் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் சிங்கப்பூர் கிளை தயாரித்த கேம் இது. அதே நிறுவனத்தின் அசாசின்ஸ் கிரீட் வரிசையில் 2013-ல் வந்த பிளாக் பிளாக் என்ற கேமில் கப்பல் சண்டை பலருக்கும் பிடித்துப்போனது. அதை மட்டும் தனியே எடுத்து ஒரு கேமாக்கினால் என்ன என்று தொடங்கிய வேலைதான் ஸ்கல் அண்ட் போன்ஸ். 2017-ல் அறிவித்தார்கள். பிறகு வரும், வரும் என்று தள்ளிக்கொண்டே போனது. 2022 நவம்பர் என்றார்கள், அடுத்து 2023 மார்ச் என்றார்கள். கடைசியில் 2024 பிப்ரவரி 16 அன்றுதான் வெளிவந்தது.

இதை ஆர்.பி.ஜி. வகை என்று சொல்கிறார்கள். ஒரு பாத்திரத்தை ஏற்று ஆடும் விளையாட்டு என்று பொருள். சாதாரண கார் ரேஸ் கேமில் ஒரு ரேஸ் முடிந்தால் கதை முடிந்தது. ஆர்.பி.ஜி.யில் உங்கள் பாத்திரம் வளரும். ஆயுதம் சேரும், பட்டம் கூடும், இன்று விட்ட இடத்திலிருந்து நாளை தொடரலாம். இந்தக் கேமில் நீங்கள் எல்லாம் இழந்து கரை ஒதுங்கிய ஒரு மாலுமி. தவ் என்கிற அரபு நாட்டுச் சிறு பாய்மரப் படகில் தொடங்கி, சுறாவையும் முதலையையும் ஈட்டி எறிந்து பிடித்து, மரமும் தாதும் சேகரித்து, பெரிய கப்பல் கட்டி, கொள்ளையர் தலைவன் ஆக வேண்டும். காலம் பதினேழாம் நூற்றாண்டின் இறுதி. ஆனால் வரலாற்றுப் பாடம் என்று நினைத்துவிடாதீர்கள். பேய்க்கப்பல் வரும், கடல் பூதம் வரும். சுட்டால் நண்பனின் கப்பலில் உள்ள ஓட்டை அடைபடும் வைத்தியப் பீரங்கி கூட உண்டு!

கடல் எந்தக் கடல் தெரியுமா? நம் இந்தியப் பெருங்கடல்தான். கடற்கொள்ளையர் என்றாலே கரீபியன் கடல் என்று ஆகிவிட்ட நிலையில் இது புதுமை. வில்லன்களில் ஒரு டச்சு வணிகக் கம்பெனியும் உண்டு. அது கற்பனைப் பெயர். அசல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613-ல் கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டியது வேறெங்கும் இல்லை, பழவேற்காட்டில்தான்! 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் அதுவே. இங்கிருந்து துணி ஏற்றிப்போய்க் கிழக்கிந்தியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். அந்தத் தீவுகள் கேமில் இருக்கின்றன. ஆப்பிரிக்கக் கரையும் இருக்கிறது. நடுவில் இருக்க வேண்டிய நம் கரை மட்டும் வரைபடத்தில் இல்லை. பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மண்டை ஓடும் எலும்பும் என்று பெயர் வைத்தவர்கள் ஒரு தடவை இந்தப் பக்கம் வந்து பார்த்திருக்கலாம்!

இனி அந்த இரண்டு விதப் பேச்சுக்கு வருவோம். எதிர்ப்பாளர்களின் முதல் புகார், கப்பல் இருக்கிறது, அதன் தளத்தில் நடக்க முடியாது என்பது. வெளிவந்தபோது கேமில் நடமாட்டம் கரையோடு சரி. துறைமுகங்களில் நடக்கலாம், வியாபாரிகளிடம் பேசலாம், புதையல் தோண்டலாம். கப்பலில் ஏறிவிட்டால் நீங்களே கப்பல். எதிரிக் கப்பலை நெருங்கிக் கொக்கிக் கயிறு வீசினால், பத்து பேர் வாளோடு தாவும் காட்சி ஒரு சில விநாடி சினிமாவாக ஓடும். பிறகு கிடைத்த பொருள்களின் பட்டியல் வந்துவிடும். நீங்கள் வாளைச் சுழற்ற வாய்ப்பே இல்லை. பிளாக் பிளாக் கேமில் இதையெல்லாம் செய்து பழகியவர்களுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. மரம் வெட்டுவது கூட கப்பலில் இருந்தபடியே, திரையில் ஓடும் முள்ளைச் சரியான இடத்தில் நிறுத்தும் விளையாட்டாக இருந்தது.

கப்பலை முழு வேகத்தில் ஓட்டினால் மாலுமிகள் களைத்துப் போவார்கள், அவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தால்தான் மறுபடி வேகம் என்ற விதியையும் பலர் கேலி செய்தார்கள். யூடியூபில் ஒருவர் ஆடுவதைப் பையனின் அப்பா எங்களோடு உட்கார்ந்து பார்த்தார். இந்த இடத்தில் அவர் மட்டும் சிரிக்கவில்லை. "அது சரியாத்தான் கீது. ராத்திரி போன ஆளு பசியோட எவ்வளவு நேரம் வலை இழுப்பான்? ஆனா ஆப்பிரிக்காவுலருந்து ஜாவாவுக்கு ஒரு சாயங்காலத்துல போறான் பாரு, அதான் தாங்கல" என்றார்.

எல்லாம் முடித்தவர்களின் புகார் வேறு. கதை தீர்ந்த பிறகு ரம்மும் அபினியும் கடத்தும் தொழில் தொடங்குகிறது. பல ஊர்களில் பட்டறை வைத்து, நாணயங்களை வசூலிக்க ஒவ்வொரு ஊராகக் கப்பலில் போய் வர வேண்டும். வட்டிக்காரர் மாதிரி அலைய வைக்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டார்கள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது விலை. அமெரிக்காவில் 70 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 5,800 ரூபாய். பெரிய செலவில் எடுக்கும் கேம்களை அத்துறையில் டிரிபிள் ஏ என்பார்கள். இவ்வளவு விலை ஏன் என்று 2024 பிப்ரவரியில் கேட்டபோது, இது நான்கு ஏ தரம் என்றார் யூபிசாப்ட் தலைவர் ஈவ் கியெமோ. அந்தச் சொல்லை வைத்தே மாதக்கணக்கில் கிண்டல் நடந்தது. விமர்சகர்கள் தந்த மதிப்பெண் சராசரியாக நூற்றுக்கு 60-ஐ ஒட்டி நின்றது. ஆடியவர்கள் தந்தது அதைவிடக் குறைவு.

அப்படியானால் "சூப்பர்" என்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. ஆடுபவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு மணி நேரத்துக்கு மேல் செலவிடுகிறார்கள் என்று வெளியீட்டின்போது நிறுவனம் சொன்னது. பார்த்தவரை எனக்கும் இது நம்பக்கூடியதாகவே இருக்கிறது. புயலில் அலை எழுந்து கப்பல் மூக்கைத் தூக்கும் காட்சி அபாரம். எதிர்க்காற்றில் வேகம் குறைகிறது. எந்தப் பக்கம் எந்தப் பீரங்கி, எந்தக் கவசம் என்று யோசித்துக் கப்பலை அமைப்பதில் வேலை இருக்கிறது. பாதேவாகாங், சம்பூக் போன்ற கீழைக்கடல் கப்பல்களை வேறு எந்தக் கேமில் பார்க்கப் போகிறோம்? மூன்று நண்பர்கள் சேர்ந்து ஆடினால் பொழுது போவதே தெரியாது என்கிறார்கள்.

ஆக, சண்டை கேமின் தரத்தைப் பற்றி மட்டுமல்ல. கப்பலே தன் பாத்திரம் என்று எடுத்துக்கொண்டவர்கள் ரசித்தார்கள். கப்பலில் நிற்கும் மனிதனாக இருக்க விரும்பியவர்கள் ஏமாந்தார்கள். நீங்கள் எந்த ரகம் என்று ஒரு மணி நேரம் யூடியூபில் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்தது உங்கள் கம்ப்யூட்டர். குறைந்தபட்சத் தேவையாக நிறுவனம் சொன்னது: இன்டெல் ஐ7-4790 அல்லது ஏஎம்டி ரைசன் 5 1600 ப்ராசசர், 8 ஜிபி ராம், 6 ஜிபி மெமரி உள்ள ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எஸ்.டி. டிஸ்க்கில் 65 ஜிபி காலி இடம். இதற்கே மிகக் குறைந்த தரப் படம்தான் கிடைக்கும். ராம் 8 ஜிபி என்றாலும் ஒரே துண்டாக இல்லாமல் நான்கு நான்காக இரண்டு துண்டாக இருப்பது நல்லது.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்பார்மன்ஸ் பகுதியில் ஜி.பி.யு. என்பதைக் கிளிக் செய்தால் உங்கள் கிராபிக்ஸ் கார்டின் பெயர் தெரியும். இன்டெல் யு.எச்.டி. என்று மட்டும் இருந்தால் ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய கிராபிக்ஸ்தான் உள்ளது என்று பொருள். பாடம் படிக்க, சினிமா பார்க்க அது போதும். இந்தக் கேமுக்குப் போதாது. பையனின் லேப்டாப்பில் அதுதான் இருந்தது. லேப்டாப்பில் பின்னர் கிராபிக்ஸ் கார்டு மாட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெரும்பாலானவற்றில் அதற்கு இடமே கிடையாது.

இன்டர்நெட் இல்லாமல் இந்தக் கேம் திறக்காது என்பதையும் கவனியுங்கள். தனியாக ஆடினாலும் இணைப்பு வேண்டும். நாளுக்கு 2 ஜிபி தரும் மொபைல் பேக்கில் 65 ஜிபி இறக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஏரிக்கரை ஊர்களில் டவர் விளையாடும் விளையாட்டு தனி!

பையனுக்கு நான் காட்டியது சிட் மெயர்ஸ் பைரட்ஸ். 1987-ல் வந்த கேமை 2004-ல் புதுப்பித்து வெளியிட்டார்கள். அந்தக் காலக் கம்ப்யூட்டருக்கு எழுதியது என்பதால் கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பும் தாங்கும். எதிரிக் கப்பலின் தளத்தில் வாள் சண்டையை நீங்களே போடலாம். கடல் மட்டும் கரீபியன்.

ஸ்கல் அண்ட் போன்ஸ்தான் வேண்டும், கம்ப்யூட்டரும் தாங்கும் என்பவர்கள் உடனே முழு விலை கொடுக்க வேண்டாம். வெளிவந்தபோது 8 மணி நேரம் இலவசமாக ஆடிப் பார்க்க விட்டார்கள். அது இப்போதும் உண்டா என்று முதலில் பாருங்கள். 2024 ஆகஸ்டில் ஸ்டீம் தளத்திலும் கேம் வந்துவிட்டது. அங்கே வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். தொடக்கக் காட்சிகளே கணிசமான நேரத்தை எடுத்துக்கொள்ளும், கடிகாரத்தில் ஒரு கண் இருக்கட்டும்.