தலைக்கு இவ்வளவு கடன் என்றால்…

2021 ஆகஸ்ட் மாதம் தமிழக நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டார். ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் ரூ.2,63,976 கடன் இருப்பதாக அதில் ஒரு கணக்கு. சில நாட்களில் நாமக்கல்லில் ஒருவர் அந்தத் தொகைக்குக் காசோலை எழுதிக்கொண்டு அதிகாரிகளிடம் போனார். 'என் குடும்பத்தின் பங்கைக் கட்டிவிடுகிறேன்' என்றார். அதிகாரிகள் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கவும் முடியாது. பயிர்க்கடன், நகைக்கடன் போல அது யார் பெயரிலும் எழுதிய கடன் அல்ல.

கணக்கு வந்த வழி எளிது. மாநிலக் கடன் ரூ.5.70 லட்சம் கோடி. அதைச் சுமார் 2.16 கோடி குடும்பங்களால் வகுத்தார்கள். வகுத்தது சரிதான். ஆனால் கேட்பவர் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. விவரம் எதையும் சொல்வதில்லை.

இரண்டு பேருக்கும் ஆளுக்கு மூன்று லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குக் கிணற்றுப் பாசனத்தோடு பத்து ஏக்கர். இன்னொருவருக்கு அரை ஏக்கர் மானாவாரி. இருவர் நிலையும் ஒன்றா? அதனால்தான் கடனை மாநிலத்தின் ஓராண்டு மொத்த உற்பத்தியோடு ஒப்பிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் இதே கடன் சுமார் 27 சதவீதம். பயமுறுத்த நினைப்பவர் லட்சம் கோடியைச் சொல்வார். மழுப்ப நினைப்பவர் சதவீதத்தைச் சொல்வார். எல்லாக் கட்சியும் இதைச் செய்கிறது.

சதவீதமும் முழுக்கதை அல்ல. ஜப்பான் அரசின் கடன் அந்நாட்டு உற்பத்தியில் 200 சதவீதத்துக்கும் மேல். அதைவிடக் குறைந்த விகிதம் கொண்ட இலங்கைதான் 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. ஜப்பான் பெரும்பாலும் சொந்த மக்களிடம், சொந்த நாணயத்தில் வாங்கியிருக்கிறது. இலங்கை டாலரில் திருப்ப வேண்டியிருந்தது. டாலர் கையில் இல்லை. உரம், டீசல், மருந்து வாங்கவும் அதே டாலர்தான் வேண்டும்.

வெள்ளை அறிக்கையில் உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய எண் வேறு. 2020-21ல் வருவாய்ப் பற்றாக்குறை ரூ.61,320 கோடி. அதாவது சம்பளம், ஓய்வூதியம், மானியம், வட்டி போன்ற அன்றாடச் செலவுக்கே அவ்வளவு தொகை துண்டு விழுந்தது. கிணறு வெட்ட வாங்கிய கடனை விளைச்சல் அடைக்கும். அரிசி வாங்க வாங்கிய கடனை எது அடைக்கும்? அந்த எண் தலைப்புச் செய்தியில் பெரிதாக நிற்கவில்லை. குடும்பத்துக்கு 2,63,976 என்பதுதான் டீக்கடை வரை போய்ச் சேர்ந்தது.