எதை நம்பிக் கட்டலாம்? பிம் தரநிலைகள் பற்றிச் சில குறிப்புகள்

பிம் என்று பேச்செடுத்தாலே திரையில் சுழன்று சுழன்று வரும் முப்பரிமாணக் கட்டடத்தைத்தான் காட்டுவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பிம் தரநிலைகளை எடுத்துப் படித்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. மாடல் செய்வது எப்படி என்பதற்கு அதில் கிட்டத்தட்ட இடமே இல்லை. எந்தத் தகவலை யார் கேட்கிறார்கள், யார் தரணும், எப்போது தரணும், வந்ததை எந்த வேலைக்கு நம்பலாம்... பக்கத்துக்குப் பக்கம் இதுதான்.

கொஞ்ச நாளாக இவற்றைப் படித்து எடுத்த குறிப்புகளைத் தொகுத்து எழுதுகிறேன். கட்டுமானத் துறையில் இல்லாதவர்களுக்கும் புரியும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் பிரச்சினை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஒரே கோப்புக்கு ஐந்து பிரதிகள், "இறுதி", "இறுதி 2", "இதுதான் உண்மையான இறுதி". அலுவலகக் கடிதத்தில் இது சிரிப்பு. கான்கிரீட்டில் சிரிப்பு இல்லை.

எங்கிருந்து வந்தது

பிரிட்டனை எடுத்துக்கொள்கிறேன். இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் ஐஎஸ்ஓ 19650 தரநிலையின் வேர் அங்கேதான் இருக்கிறது. 2011 மே மாதம் பிரிட்டிஷ் அரசு தன் கட்டுமான உத்தி ஆவணத்தை வெளியிட்டது. 2016-க்குள் அரசுத் திட்டங்களில் முப்பரிமாண பிம் கட்டாயம், தகவல் எல்லாம் மின்னணு வடிவில் இருக்க வேண்டும் என்றது. சொன்னபடியே 2016 ஏப்ரலில் மத்திய அரசின் திட்டங்களுக்கு அது நடைமுறைக்கு வந்தது. அந்த ஐந்து வருடங்களில் பழைய பிஎஸ் 1192 தரநிலையோடு பாஸ் 1192 என்ற வரிசையும் சேர்ந்தது. 2018 இறுதியில் இவற்றை அடித்தளமாகக் கொண்டு ஐஎஸ்ஓ 19650-இன் முதல் இரண்டு பகுதிகள் வந்தன. பிரிட்டிஷ் திட்டங்களுக்குச் சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து மாடல் செய்கிறவர்கள் இந்த எண்ணைத் தினமும் கேட்டிருப்பார்கள்.

நாலு நிலைகள்

தரநிலையின் நடுமையம் "பொதுத் தரவுச் சூழல்". சுருக்கமாக சிடிஇ என்பார்கள். திட்டத்தின் எல்லாத் தகவலும் ஒழுங்கோடு வந்து போகிற ஒரு பொது இடம். மென்பொருள் வாங்கிப் போட்டுவிட்டால் சிடிஇ ஆகிவிடாது. அதற்குள் ஒரு நடைமுறை ஓட வேண்டும்.

அந்த நடைமுறையில் ஒவ்வொரு கோப்பும் நாலு நிலைகளில் ஒன்றில் இருக்கும்: செய்துகொண்டிருப்பது, பகிர்ந்தது, வெளியிட்டது, காப்பகத்தில் இருப்பது. முதல் நிலையில் உள்ளதை அதைச் செய்யும் குழு மட்டுமே பார்க்கும். குழுவே சரிபார்த்து ஒப்புதல் தந்தபிறகு அது "பகிர்ந்தது" ஆகிறது. கட்டச் சொன்னவர் தரப்பு ஏற்றுக்கொண்ட பிறகுதான் "வெளியிட்டது". நாலாவது நிலை, என்ன நடந்தது என்று பின்னால் யாராவது கேட்டால் காட்டுவதற்கு.

ஓர் உதாரணம். நாலாவது மாடியில் ஒரு பீம். அதன் வழியாக ஏசி டக்ட் போக ஓட்டை வேண்டும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் தன் மாடலைப் பகிர்கிறார், டக்ட் வடிவமைப்பவர் தன் வேலையை அதோடு ஒத்துப் பார்ப்பதற்காக. ஓட்டையின் இடம் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து சைட்டில் ஒருவர் அதே படத்தை இறக்கிக்கொண்டு கம்பி கட்ட ஆரம்பித்தால்? படத்தில் தப்பே இல்லை. அது எதற்காகப் பகிரப்பட்டதோ அதற்கு அது சரியான படம்தான். கம்பி கட்டுவதற்கானது இல்லை, அவ்வளவுதான்.

இதைத் தடுக்கத்தான் நிலைக் குறியீடு. பிரிட்டிஷ் இணைப்பின்படி எஸ்1 என்றால் ஒருங்கிணைப்புக்கு மட்டும். எஸ்2 தகவலுக்கு மட்டும். எஸ்3 பார்த்துக் கருத்துச் சொல்வதற்கு. 'ஏ' எழுத்தில் தொடங்கினால் அங்கீகரித்து ஏற்கப்பட்டது. திருத்த எண்ணும் இப்படித்தான்: பி01, பி02 என்றால் முதற்கட்டம், சி01 என்றால் ஒப்பந்த அளவில் உறுதியானது. ஆக, ஒரு படத்தைத் திறக்கும் முன்பே அதை வைத்து என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று தெரிந்துவிட வேண்டும்.

கோப்புப் பெயரும் ஏழு கூறாகப் பிரிகிறது: திட்டம், உருவாக்கிய நிறுவனம், கட்டடத்தின் பகுதி, தளம், கோப்பின் வகை, துறை, எண். புதிதாகச் சேர்கிறவர்கள் அதிகம் முணுமுணுப்பது இதைப் பற்றித்தான். ஆனால் கவனியுங்கள், நிலையும் திருத்த எண்ணும் அந்த ஏழில் இல்லை. அவை கோப்போடு ஒட்டிய தனிக் குறிப்புகள். பெயர் மாறாது, நிலை மாறும். "இறுதி 2" நோய்க்கு இதுதான் மருந்து.

நடைமுறையில் சறுக்குவது எங்கே? பெயர் வைப்பதை எல்லோரும் ஒழுங்காகச் செய்துவிடுகிறார்கள், கணினியே தவறைக் காட்டிக்கொடுக்கும். நிலைக் குறியீட்டில்தான் சறுக்குகிறது. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் எஸ்2 போட்டு ஏற்றிவிட்டால் யாரும் எதற்கும் பொறுப்பில்லை. சைட்டில் வேலை நிற்குமா? நிற்காது. யாரிடமாவது கேட்டு வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வாங்கிக்கொள்வார்கள். அந்த நிமிடமே சிடிஇ வெறும் சேமிப்புக் கிடங்கு ஆகிவிடுகிறது.

கேட்கத் தெரிய வேண்டும்

19650-இல் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அது வேலையைத் தொடங்கும் இடம். மாடல் செய்கிறவரிடமோ ஒப்பந்ததாரரிடமோ தொடங்குவதில்லை. பணம் போட்டுக் கட்டச் சொல்கிறவரிடம் தொடங்குகிறது. "உனக்கு என்ன தகவல், எதற்காக வேண்டும்?" என்பதுதான் முதல் கேள்வி. இதை அவர் எழுதித் தரணும். தகவல் பரிமாற்றத் தேவைகள், அதாவது ஈஐஆர், என்று அதற்குப் பெயர். அதற்குப் பதிலாக ஒப்பந்ததாரர் தரப்பு எழுதுவது பிம் செயலாக்கத் திட்டம். யார் எதை எந்தத் தேதிக்குத் தருவார்கள் என்ற பட்டியல் அதிலிருந்து பிறக்கிறது.

ஒரு தீத்தடுப்புக் கதவை எடுத்துக்கொள்வோம். கட்டடத்தைப் பராமரிக்கப் போகிறவருக்கு அதன் கீல் எப்படி வளைந்திருக்கிறது என்ற அழகான மாடல் தேவையில்லை. கதவு எங்கே இருக்கிறது, எத்தனை நிமிடம் தீயைத் தாங்கும், யார் தயாரித்தது, சோதனைச் சான்றிதழ் எங்கே, அடுத்து எப்போது சோதிக்கணும், இவைதான் தேவை. தரநிலையும் இதையே வடிவம், எழுத்து-எண் தகவல், ஆவணம் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்கச் சொல்கிறது. தேவைக்கு மேல் தரும் தகவல் வீண் என்றும் நேரடியாகவே சொல்லிவிடுகிறது. "எல்லாவற்றையும் மாடலில் போடு" என்பது பிம் இல்லை.

ஆனால் நிஜத்தில் பலசமயம் ஈஐஆர் என்பது இன்னொரு திட்டத்திலிருந்து எடுத்து ஒட்டிய ஐம்பது பக்கம். பள்ளிக்கூடம் கட்டுகிறவர் மருத்துவமனைக்கு எழுதியதைத் தருவார். அதற்கு எதிர்த்தரப்பும் ஐம்பது பக்கத்தில் ஓர் ஒட்டுவேலையைப் பதிலாகத் தரும். இரண்டையும் யாரும் திறந்து பார்ப்பதில்லை. கேள்வியே பொய்யாக இருக்கும்போது பதில் மட்டும் எப்படி மெய்யாகும்?

சாவி யார் கையில்?

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்கு 2017-இல் லண்டன் தொழில்நுட்பக் கட்டுமான நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கைச் சொல்லலாம். ஃபாக்லாந்து தீவுகளில் பிரிட்டிஷ் ராணுவத் தளத்துக்கு ஒரு மின்நிலையம், சுமார் 5.5 கோடி பவுண்டு வேலை. ஒப்பந்ததாரர் டிரான்ட் இன்ஜினியரிங். வடிவமைப்பு ஆலோசகர் மாட் மெக்டொனால்ட். வடிவமைப்புத் தகவல் எல்லாம் புராஜெக்ட்வைஸ் என்ற சிடிஇ மென்பொருளில், ஆலோசகரின் கட்டுப்பாட்டில் இருந்தது. கட்டணம் பற்றித் தகராறு வந்தது. ஆலோசகர் கடவுச்சொற்களை ரத்து செய்துவிட்டார்.

ஒரே நாளில் ஒப்பந்ததாரருக்குத் தன் திட்டத்தின் படங்களையே பார்க்க முடியாத நிலை. நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டு அணுகலைத் திரும்பக் கொடுக்க வைத்தது. ஒப்பந்ததாரர் 4,75,000 பவுண்டை நீதிமன்றத்தில் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. கட்டணத் தகராறில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு கேள்வி. நமக்கு முக்கியமானது, காகிதக் காலத்தில் இப்படி நடந்திருக்காது என்பது. படத்தின் பிரதி உங்கள் மேசையிலேயே இருக்கும். எல்லாம் ஒரே இடத்தில் என்ற வசதி, சாவி ஒரே கையில் என்ற ஆபத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. திட்டத்தின் சிடிஇ-யை நிறுவுவது கட்டச் சொல்கிறவரின் வேலை என்று 19650-இன் இரண்டாம் பகுதி சொல்வதை இந்த வழக்கோடு சேர்த்துப் படித்தால் அதன் அர்த்தம் நன்றாக விளங்கும்.

கிரென்ஃபெல்லுக்குப் பிறகு

அதே 2017-இல், ஜூன் 14 அன்று, லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடியில் தீ பிடித்தது. 24 மாடிகள். 72 பேர் இறந்தார்கள். வெளிச்சுவரில் பிற்பாடு ஒட்டப்பட்ட உறை வழியாகத் தீ மேலே ஏறியது. அதன்பின் ஜூடித் ஹாக்கிட் தலைமையில் நடந்த ஆய்வு 2018 மே மாதம் இறுதி அறிக்கை தந்தது. உயர் கட்டடங்களுக்குத் தகவலின் "பொன் இழை" வேண்டும் என்றது. வடிவமைத்தபோது நினைத்தது என்ன, கட்டும்போது மாறியது என்ன, இப்போது சுவருக்குள் இருப்பது என்ன என்ற தொடர்ச்சி அறுபடக் கூடாது என்பது பொருள்.

அது 2022-இன் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வழியாக நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் 18 மீட்டர் உயரமோ 7 மாடியோ எட்டும் குடியிருப்புக் கட்டடங்களுக்கு இந்தப் பதிவு மின்னணு வடிவில் இருக்க வேண்டும். சட்டம் "பிம் செய்" என்று சொல்லவில்லை. ஆனால் அது கேட்பதை நிறைவேற்ற முயன்றால் 19650 சொல்லும் அதே கேள்விகளில்தான் வந்து நிற்கிறோம். ஒரு பொருளை மாற்றியது யார், யார் ஒப்புக்கொண்டது, எந்தத் தேதியில், எதை நம்பி?

எங்கே தொடங்கலாம்

சிறிய நிறுவனங்கள் தரநிலையின் தடிமனைப் பார்த்து மிரள்கின்றன. முழுசாகச் செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். முதலில், கட்டடத்தைப் பராமரிக்கப் போகிறவரை உட்கார வைத்து அவருக்கு வேண்டியதைக் கேட்டு ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அடுத்து, நிலைக் குறியீட்டில் நாலைந்தை மட்டும் எடுத்துக்கொண்டு சைட்டில் கம்பி கட்டுகிறவர் வரை அதன் பொருளைச் சொல்லிவிடுங்கள். மூன்றாவது, சிடிஇ-யின் சாவி யாரிடம், தகராறு வந்தால் என்ன ஆகும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மென்பொருள் நாலாவதாக வரட்டும்.

எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை: திட்டத்தின் பொதுக் கோப்புறையில் கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு படத்தை எடுங்கள். இதை யார் ஒப்புக்கொண்டது, எந்த வேலைக்கு, இதற்குப் பிறகு வேறு திருத்தம் வந்ததா? மூன்றுக்கும் யாருக்கும் போன் போடாமல் பதில் கிடைத்தால் தரநிலை நடைமுறையில் இருக்கிறது. போன் போட வேண்டியிருந்தால், எவ்வளவு அழகான மாடல் இருந்தாலும், இன்னும் வரவில்லை.

ஐஎஃப்சி பற்றி இதில் தொடவில்லை. ஒரு மென்பொருளில் செய்த மாடலை இன்னொன்றில் திறக்கும்போது எது தங்குகிறது, எது தொலைகிறது என்பது தனிக் கதை. அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்.