பழைய மோட்டார் சைக்கிள் சட்டகப் பழுதுநீக்கம்

பழைய மோட்டார் சைக்கிள் சட்டகப் பழுதுநீக்கம் என்பது, விபத்தாலோ துருவாலோ நீண்டகால உழைப்பாலோ சேதமடைந்த சட்டகத்தை அதன் பழைய அளவுக்கும் வலிமைக்கும் திரும்பக் கொண்டுவரும் வேலையாகும். பட்டறைகளில் சட்டகத்தைச் சேஸிஸ் என்றும் பிரேம் என்றும் அழைப்பர். எஞ்சின் பழுதானால் வண்டி நின்றுவிடும். சட்டகம் பழுதானாலோ வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். வேகமாகச் செல்லும்போது திடீரென முறியவும் கூடும். ஆகவே இவ்வேலையில் பற்றவைப்பதைவிட அளப்பதே முதன்மையானது.

சட்டகத்தின் பணி

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க், சட்டகத்தின் முன்முனையிலுள்ள தலைக்குழாயில் பொருந்தித் திரும்புகிறது. இக்குழாய் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். பெரும்பாலான சாலை வண்டிகளில் இச்சாய்வு செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 24 முதல் 30 பாகை வரை இருக்கும். தலைக்குழாயின் அச்சைத் தரைவரை நீட்டினால், அது தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான் சக்கரம் தரையைத் தொடும். இவ்விடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். சக்கர நாற்காலியின் சிறிய முன்சக்கரங்கள் தாமாகவே பின்பக்கம் திரும்பி இழுபட்டு வருவதைப் பார்த்திருக்கலாம். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் நேராக ஓட உதவுவதும் அதே தத்துவம்தான்.

வண்டி நேருக்கு நேர் மோதும்போது தலைக்குழாய் பின்னோக்கித் தள்ளப்படுவதால் சாய்வும் டிரெயிலும் குறைகின்றன. கண்ணுக்கு நேராகத் தெரியும் வண்டி, ஓட்டும்போது கைப்பிடி நடுங்குவதற்கு இது ஒரு காரணம்.

பழைய சட்டகங்களின் அமைப்பு

பழைய பிரித்தானிய வண்டிகள் பலவற்றில், எஃகுக் குழாய்களின் முனைகள் லக் எனப்படும் வார்ப்புப் பொருத்திகளில் செருகப்பட்டு, பித்தளையை உருக்கி இணைக்கப்பட்டன. இம்முறை பிரேசிங் எனப்படும். பித்தளை ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் உருகும். எஃகு உருக ஏறத்தாழ 1,500 பாகை வேண்டும். எனவே குழாய் உருகாமலேயே இணைப்பு உண்டாகிறது. லக் இல்லாமலும் சட்டகங்கள் அமைக்கப்பட்டன. 1950இல் பந்தயத்துக்கு வந்த நார்ட்டன் ஃபெதர்பெட் சட்டகம் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ் வடிவமைத்த அதன் பந்தய வகையில், ரெனால்ட்ஸ் 531 என்ற மாங்கனீசு-மாலிப்டினம் எஃகுக் குழாய்கள் வெண்கலப் பற்றவைப்பால் இணைக்கப்பட்டன.

1955இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் சென்னையில் தயாரித்த புல்லட் வண்டியில், முன்பக்கக் கீழிறங்கு குழாய் எஞ்சினுக்கு முன்னால் முடிந்துவிடும். எஞ்சினும் அதைப் பிடிக்கும் தகடுகளும் சட்டகத்தின் அடிப்பகுதியாக அமையும். எஞ்சினைக் கழற்றியதும் சட்டகத்தின் அடிப்பக்கம் திறந்துகொள்கிறது. அந்நிலையில் பற்றவைத்தால், வெப்பத்தால் இடைவெளி மாறி எஞ்சின் மீண்டும் பொருந்தாமல் போகலாம். எஞ்சினின் இடத்தில் வெற்று எஞ்சின் உறையையோ அதே அளவுள்ள மாதிரிச் சட்டத்தையோ போல்ட் போட்டு இறுக்கிய பின்பே பற்றவைக்க வேண்டும்.

சேதத்தைக் கண்டறிதல்

பெயின்ட் மடிந்து உதிர்ந்த இடமும், லக்கின் விளிம்பில் கோடாகக் கசியும் துருவும் முதல் அடையாளங்கள். பெயின்டை நீக்கி, மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணக்கட்டித் தூளைத் தூவினால், விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் வெளியே ஊறிக் கோடாகத் தெரியும். சிவப்புச் சாயமும் வெள்ளைப் படிவுப்பொடியும் கொண்டு செய்யும் சாய ஊடுருவல் சோதனை இதனினும் நுட்பமானது.

அடுத்து, சட்டகத்தைத் தட்டையான மேசையில் நிறுத்தி, தலைக்குழாயிலும் ஸ்விங் ஆர்ம் துளையிலும் நேரான எஃகுத் தண்டுகளைச் செருக வேண்டும். முதல் தண்டு சட்டகத்தின் நடுத்தளத்திலேயே அமைய வேண்டும். இரண்டாவது அத்தளத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். தலைக்குழாயிலிருந்து இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் சமமான புள்ளிகளை அளந்து ஒப்பிட்டால் வளைவு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். தேய்ந்த புஷ்ஷும் தளர்ந்த பேரிங்கும் வளைவைப் போலவே தோன்றக்கூடும் என்பதால் அவற்றை முன்னதாகச் சரிபார்ப்பது நல்லது.

நிமிர்த்துதல்

சிறு வளைவை, சட்டகத்தை ஜிக்கில் இறுகப் பிணைத்து, ஹைட்ராலிக் ஜாக்கால் சிறிது சிறிதாகத் தள்ளி நிமிர்த்தலாம். எஃகு ஓரளவு பழைய நிலைக்கே திரும்பும் இயல்புடையது. ஆகவே தேவையான அளவைச் சற்றுத் தாண்டித் தள்ளி, விட்டு, மீண்டும் அளக்க வேண்டும். சாதாரண மென்னெஃகுக் குழாயைச் சூடாக்கி நிமிர்த்துவதுண்டு. உலோகக்கலவைக் குழாயைச் செந்தணலாக்கினால் அதன் வலிமை குன்றும். சூடான குழாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மடிந்து நசுங்கிய குழாயை நிமிர்த்தினாலும் அதன் வலிமை திரும்புவதில்லை. அதை மாற்றுவதே முறை.

விரிசலும் குழாய் மாற்றமும்

விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டால் அது மேலும் ஓடாமல் தடுக்கலாம். பிறகு விரிசலை 'வி' வடிவில் அகழ்ந்து பற்றவைப்பர். பித்தளை இருந்த இடத்தில் நேரடியாக மின்வில் பற்றவைப்பு செய்யக் கூடாது. உருகிய பித்தளை சூடான எஃகின் துகள் எல்லைகளுக்குள் புகுந்து புதிய விரிசல்களை உண்டாக்கும். மேலே வழவழப்பாகத் தெரியும் இணைப்பு உள்ளே பலவீனமாக இருக்கும். பிரேசிங் செய்த இணைப்பைப் பிரேசிங்காலேயே சரிசெய்ய வேண்டும்.

லக்கிலிருந்து குழாயைக் கழற்றும்போது, முதலில் உள்ளே ஊசி அடிக்கப்பட்டிருந்தால் அதைத் துளையிட்டு நீக்கி, பித்தளை உருகும்வரை சூடாக்கி உருவுவர். புதுக்குழாயின் வெளிவிட்டம், சுவர்த்தடிப்பு, எஃகு வகை ஆகியவை பழையதோடு ஒத்திருக்க வேண்டும். குழாயின் நடுப்பகுதியை மட்டும் மாற்றினால், உள்ளே இறுகப் பொருந்தும் துண்டுக்குழாயைச் செருகி, வெட்டுமுனையைச் சாய்வாக அமைப்பர். விசை ஒரே வளையத்தில் குவியாமல் பரவ இது உதவும். பற்றவைப்பு குளிரும்போது சுருங்கி இழுக்கும். அதனால் எதிரெதிர்ப் பக்கங்களில் மாறிமாறிச் சிறு புள்ளிகளாகப் பற்றவைத்து, இடையிடையே அளப்பது வழக்கம்.

வேலைக்கு முன் பெட்ரோல் டேங்க், மின்கலம், வயரிங் ஆகியவற்றை அகற்ற வேண்டும். முற்றிலும் மூடிய குழாயைச் சூடாக்கினால் உள்ளே காற்றழுத்தம் கூடும் என்பதால் சிறு காற்றுத்துளை விடுவர்.

சட்டமும் அடையாளமும்

சேஸிஸ் எண் பல வண்டிகளில் தலைக்குழாயின் அருகே பொறிக்கப்பட்டிருக்கும். அதை அரத்தால் தேய்ப்பதோ வெட்டி நீக்குவதோ வண்டியின் சட்டபூர்வ அடையாளத்தையே அழித்துவிடும். இந்தியாவில் 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தம், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேலான இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு விண்டேஜ் பதிவை வழங்குகிறது. சேஸிஸில் பெரும் மாற்றம் செய்யாமல் பழைய வடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று.

இறுதிச் சோதனை

பெயின்ட் அடிக்கும் முன்பே எல்லா அளவுகளையும் மீண்டும் எடுத்து, இணைப்புகளில் விரிசல் சோதனை செய்ய வேண்டும். பெயின்ட் பூசிவிட்டால் குறை மறைந்துவிடும். வண்டியைப் பூட்டிய பிறகு, பின்சக்கரத்தின் இருபுறமும் நேர்நூல் கட்டி முன்சக்கரம் நடுவில் நிற்கிறதா என்று பார்க்கலாம். முதல் ஓட்டம் மெதுவானதாக இருந்து, அதன்பின் இணைப்புகளை மறுபடியும் பார்வையிட வேண்டும். தலைக்குழாயின் இணைப்பில் பெரிய விரிசலோ, குழாயின் உட்புறத்தில் பரவலான துருவரிப்போ இருந்தால், வேறு சட்டகம் தேடுவதோ அவ்வண்டியைக் காட்சிக்கு மட்டும் வைப்பதோதான் பாதுகாப்பானது.