நிறத்துக்குப் பெயர் வைத்தது யார்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்றைய அங்கத்தில் கறுப்பின மக்களிடையே நிலவும் நிறபேதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "வெள்ளையர்கள் கறுப்பர்களை ஒதுக்கியது நமக்குத் தெரியும். கறுப்பர்களுக்குள்ளேயே என்ன நிறபேதம்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண ஓர் இரயில் பயணச் சீட்டிலிருந்து தொடங்குவோம்.

1892 ஜூன் 7-ஆம் நாள், அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் ஹோமர் பிளெஸ்ஸி என்பவர் முதல் வகுப்புச் சீட்டு வாங்கிக்கொண்டு, வெள்ளையருக்கென ஒதுக்கிய பெட்டியில் ஏறி அமர்ந்தார். பார்வைக்கு அவர் வெள்ளையரைப் போலவே இருந்தார். அவருடைய வம்சத்தில் எட்டில் ஒரு பங்கு மட்டுமே ஆப்பிரிக்க வழி. அவருக்குக் கறுப்பினக் கலப்பு உண்டு என்று தெரிவிக்கப்பட்ட பிறகுதான் கைது செய்தார்கள். லூசியானா மாநிலத்தின் பிரிவினைச் சட்டத்தை நீதிமன்றத்தில் எதிர்ப்பதற்காக ஒரு குடிமக்கள் குழு திட்டமிட்டுச் செய்த போராட்டம் அது. ஆனால் 1896-இல் உச்ச நீதிமன்றம் பிளெஸ்ஸிக்கு எதிராகவே தீர்ப்பு வழங்கியது. லூசியானா ஆளுநர் அவருக்குப் பொது மன்னிப்பு அளித்தது எப்போது தெரியுமா? 2022 ஜனவரியில். பிளெஸ்ஸி இறந்து 96 ஆண்டுகளுக்கும் மேலான பிறகு.

தோலைப் பார்த்தால் தெரியாத கறுப்பு, ஒருவரை எப்படிச் சிறைக்கு அனுப்பியது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், நிறப் பெயர்கள் எதற்காகப் பிறந்தன என்பது விளங்கும்.

கணக்குப் போட்டு வைத்த பெயர்கள்

அடிமைத்தனம் நிலவிய காலத்தில் ஒருவர் அடிமையா, சுதந்திரரா, சொத்துக்கு உரியவரா, யாரை மணக்கலாம் என்பதையெல்லாம் முடிவு செய்ய ஆட்சியாளர்களுக்குப் பட்டியல் தேவைப்பட்டது. வர்ஜீனியாவில் 1662-இல் ஒரு சட்டம் வந்தது. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்றது அது. தந்தை வெள்ளைக்கார எஜமானனாகவே இருந்தாலும் பிள்ளைக்கு விடுதலை கிடையாது. பெற்ற பிள்ளையையே சொத்தாக எழுதி வைத்துக்கொள்ள அந்தச் சட்டம் வழி செய்தது.

இன்றைய ஹைட்டி அன்று பிரெஞ்சுக்காரர்களின் கரும்புக் காலனியாக இருந்தது. அதன் பெயர் செயின்ட் டொமிங்கு. மொரோ டி செயின்ட் மேரி என்ற சட்ட அறிஞர் 1797-இல் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு மனிதரையும் 128 பங்குகளாகப் பிரித்து, அவற்றில் எத்தனை பங்கு வெள்ளை, எத்தனை பங்கு கறுப்பு என்று கணக்குப் போட்டார். வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே படிப்படியாகப் பெயர்களை அடுக்கினார். பொன்னுக்கு மாற்று உரைத்துப் பார்ப்பது போல மனிதரை உரைத்துப் பார்த்தார்கள் என்று சொல்லலாம்.

அமெரிக்காவிலும் 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ஊழியர்களுக்கு ஓர் ஆணை போனது. கறுப்பர், கலப்பினத்தவரான 'முலாட்டோ', கால் பங்குக் கறுப்பரான 'குவாட்ரூன்', எட்டில் ஒரு பங்குக் கறுப்பரான 'ஆக்டரூன்' என்று பிரித்து எழுதச் சொன்னார்கள். வீட்டு வாசலில் நின்று எட்டில் ஒரு பங்கை எப்படி அளப்பது? அளக்கவே முடியாது. ஆனாலும் எழுதினார்கள். 1930 கணக்கெடுப்பில் எல்லாம் தலைகீழாக மாறியது. கறுப்பின இரத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அவர் நீக்ரோவே என்று விதி செய்தார்கள். 'ஒரு சொட்டு இரத்தம்' என்று இதைக் குறிப்பிடுவார்கள். அதே குடும்பம், அதே தோல். அரசாங்கத் தாளில் இருந்த பெயர்தான் மாறியது.

ஏணி வீட்டுக்குள் புகுந்த கதை

இடைநிலைப் பெயர்கள் ஏட்டிலிருந்து போய்விட்டன. மக்கள் மனத்திலிருந்து போயினவா? போகவில்லை. வெளுத்த நிறத்துப் பிள்ளைகள் சிலருக்கு அடிமைக் காலத்திலேயே விடுதலை கிடைத்தது. சிலருக்குக் கல்வியும் கைத்தொழிலும் கிடைத்தன. அந்த முன்தொடக்கம் பணமாகவும் பதவியாகவும் அடுத்த தலைமுறைக்குப் போனது. நாளடைவில், வெளுப்பு என்றால் உயர்வு என்ற எண்ணம் பாதிக்கப்பட்ட மக்களுக்குள்ளேயே வேரூன்றிவிட்டது.

கைமணிக்கட்டில் நீல நரம்பு தெரியுமளவு வெளுத்தவர்களின் சங்கம் ஒன்றை மையமாக வைத்து, சார்ல்ஸ் செஸ்நட் என்ற கறுப்பின எழுத்தாளர் 1898-இலேயே சிறுகதை எழுதினார். பழுப்புக் காகிதப் பையை விடக் கறுத்தவர்களுக்கு விருந்துகளில் இடமில்லை என்ற வழக்கத்தைப் பற்றியும் அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். இப்படி ஒரே இனத்துக்குள் நிறத்தை வைத்து மேல் கீழ் பார்ப்பதற்கு, எழுத்தாளர் எலிஸ் வாக்கர் 1980களின் தொடக்கத்தில் 'கலரிசம்' என்று பெயர் சூட்டினார். இனவெறி வெளியிலிருந்து வருவது. கலரிசம் சாப்பாட்டு மேசையில் நம்மோடு உட்கார்ந்திருப்பது.

இதில் அதிகம் அடிபடுவது குழந்தைகள்தாம். கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியல் தம்பதியர் 253 கறுப்பினக் குழந்தைகளிடம் நடத்திய பொம்மை ஆய்வை 1947-இல் வெளியிட்டார்கள். வெள்ளை நிறத்திலும் பழுப்பு நிறத்திலும் பொம்மைகளை வைத்து, எதனோடு விளையாட விருப்பம் என்று கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைத் தேர்ந்தெடுத்தார்கள். 'பார்க்க நன்றாக இல்லாத பொம்மை எது?' என்று கேட்டபோது பாதிக்கு மேற்பட்டோர் பழுப்புப் பொம்மையைக் காட்டினார்கள். அந்த வயதுக் குழந்தை சட்டம் படித்திருக்குமா? பெரியவர்களின் பேச்சையும் பார்வையையும்தான் படித்திருந்தது. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, கென்னத் கிளார்க்கின் ஆய்வுக் கட்டுரையையும் சான்றாகக் குறிப்பிட்டது.

எல்லை தாண்டினால் பெயர் மாறும்

இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். நிறப் பெயருக்கு உலகம் முழுவதும் ஒரே பொருள் கிடையாது. 'கலர்ட்' என்ற சொல்லை இன்று அமெரிக்காவில் ஒருவரைப் பார்த்துச் சொன்னால் அவமதிப்பு. தென்னாப்பிரிக்காவிலோ அது ஒரு தனிச் சமூகத்தின் பெயர். பலர் தங்களை அப்படியே அழைத்துக்கொள்கிறார்கள்.

அந்தத் தென்னாப்பிரிக்காவில் 1950-இல் வந்த மக்கள் பதிவுச் சட்டம் எல்லாரையும் இனவாரியாகப் பதிந்தது. நடால் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் கப்பலேறிய தமிழர்களின் வாரிசுகளும் அந்தப் பட்டியலுக்குத் தப்பவில்லை. தலைமுடியில் பென்சிலைச் செருகி, அது விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்துக்கூட இனத்தை முடிவு செய்தார்கள். சாண்ட்ரா லைங் என்ற சிறுமி வெள்ளைக்காரப் பெற்றோருக்குப் பிறந்தவர். சுருள் முடியும் பழுப்பு நிறமும் இருந்ததால் 1966-இல் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டு, 'கலர்ட்' என்று மாற்றி எழுதப்பட்டார். அடுத்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டு மறுபடியும் வெள்ளையரானார். சிறுமியின் தோல் மாறவில்லை. அவருடைய பெயர் மட்டும் இரண்டு முறை மாறியது. அந்தச் சட்டம் 1991-இல்தான் நீக்கப்பட்டது.

களிம்பின் விலை

ஏணி ஒன்று இருந்தால் மேலே ஏற ஆசையும் வரும். அந்த ஆசையை விற்றுப் பணம் பார்க்கிறவர்களும் வருவார்கள். நைஜீரியாவின் ஃபெலா குட்டி 1976-இலேயே, தோலை வெளுக்க வைக்கும் மோகத்தைக் கண்டித்து 'யெல்லோ ஃபீவர்' என்ற பாடலை வெளியிட்டார். ஜமைக்காவில் பூஜு பாண்டன் 1992-இல் வெளுத்த பெண்களைப் புகழ்ந்து பாடி, கண்டனம் எழுந்ததும் கறுத்த பெண்களைப் போற்றி இன்னொரு பாடல் பாட வேண்டியதாயிற்று.

இந்தக் களிம்புகளில் பல, பாதரசமோ ஹைட்ரோகுவினோனோ கலந்தவை. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஹைட்ரோகுவினோனை நெடுநாள் பூசினால், வெளுக்க வேண்டிய தோலிலேயே நீலங்கலந்த கருமை படரும். இதைத் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1975-இலேயே எடுத்துச் சொன்னார்கள். அந்நாடு 1990-இல் ஹைட்ரோகுவினோன் அழகுக் களிம்புகளைத் தடை செய்தது. 'வெளுக்கும்' என்று விளம்பரம் செய்யவும் தடை விதித்தது. கானா 2016-இல் தடையை நடைமுறைப்படுத்தியது. மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் கூடி, பாதரசம் கலந்த அழகுப் பொருள்கள் அனைத்தையும் 2025-க்குள் ஒழிக்க முடிவெடுத்தன. இது ஆப்பிரிக்காவின் பிரச்சினை மட்டும்தானே என்று நாம் இருந்துவிட முடியாது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இதே பாதரசக் களிம்புகளைப் பற்றி அதிகாரிகள் எச்சரித்து வந்திருக்கிறார்கள்.

பெயரை மாற்றினால் போதுமா?

அப்படியானால், எல்லாருக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா? இதை முயன்று பார்த்த நாடு உண்டு. அடிமைகள் போராடி விடுவித்த ஹைட்டி, தன் 1805 அரசியல் சட்டத்தில், எல்லா ஹைட்டியரும் இனிக் கறுப்பர் என்ற ஒரே பெயரால் அறியப்படுவர் என்று எழுதி வைத்தது. அங்கே குடியுரிமை பெற்ற போலந்துக்காரர்களுக்கும் ஜெர்மானியர்களுக்கும்கூட அதுதான் பெயர். 128 பங்குக் கணக்குப் போட்ட மண்ணிலேயே இப்படி ஓர் அறிவிப்பு! உலக வரலாற்றில் வியப்புக்குரிய வரி அது. ஆனால் மறு ஆண்டே நாட்டுத் தலைவர் டெஸ்ஸாலின் கொல்லப்பட்டார். நாடு வடக்கு, தெற்கு என்று பிளந்தது. நிலமும் கல்வியும் முன்பே கைக்கு வந்திருந்த கலப்பினக் குடும்பங்களின் செல்வாக்கு பிறகும் தொடர்ந்தது. பெயர் ஒன்றானாலும் சொத்து ஒன்றாகவில்லை.

பிரேசில் வேறு வழியில் போனது. 1976-இல் அரசாங்க ஆய்வில் 'உங்கள் நிறம் என்ன?' என்று மக்களையே கேட்டார்கள். பால் கலந்த காப்பி, இலவங்கப்பட்டை, வெயிலில் வாடியது என்று 130-க்கும் மேற்பட்ட பெயர்கள் வந்தன. கேட்க அழகாக இருந்தாலும், யாருக்கு வேலை இல்லை, யாருக்குப் பல்கலைக்கழகம் எட்டவில்லை என்று கணக்கிட இந்தப் பெயர்கள் உதவுமா? அதனால் அங்குள்ள கறுப்பின இயக்கத்தினர், கறுத்தவரும் கலப்பு நிறத்தவரும் ஒரே தரப்பு என்று நெடுங்காலம் வாதாடினார்கள். 2010-இல் சட்டமே அதை ஏற்றது. 2012-இல் கூட்டரசுப் பல்கலைக்கழகங்களில் இட ஒதுக்கீடு வந்தது. 2022 கணக்கெடுப்பில் கலப்பு நிறத்தவர் 45.3 விழுக்காடு, கறுத்தவர் 10.2 விழுக்காடு. இரண்டையும் சேர்த்தால் நாட்டில் பாதிக்கு மேல்! யார் இந்தப் பட்டியலில் சேரலாம் என்ற சர்ச்சை அங்கே இன்னும் ஓயவில்லை என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒன்று தெளிவாகிறது. ஒதுக்குவதற்காகப் பிறந்த பெயரையே, ஒதுக்கப்பட்டவர்கள் உரிமை கேட்கும் கணக்காக மாற்ற முடியும்.

நம் வீட்டு அகராதி

2020-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவல்துறையினர் கையில் உயிரிழந்த பின் எழுந்த கிளர்ச்சி, நம் வீட்டுக் கண்ணாடி முன்னாலும் வந்து நின்றது. 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற களிம்பு அந்த ஆண்டு தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'குளோ' என்று வைத்துக்கொண்டது. ஆனால் பெண் பார்க்கும் பேச்சில் 'பிள்ளை நல்ல சிவப்பு', 'கொஞ்சம் நிறம் கம்மிதான்' என்று சொல்கிறோமே, அந்தச் சொற்களை எடுத்துவிட்டோமா? நம்முடைய நிறபேதத்தின் வரலாறு வேறுதான். ஆனால் அதைக் கேட்டு வளரும் குழந்தையின் மனம் வேறல்ல.

'காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு' என்று சொல்லி வைத்தவர்கள் நம் முன்னோர். காக்கை தன் குஞ்சுக்கு மாற்று உரைத்துப் பார்ப்பதில்லை. அடுத்த முறை ஒரு குழந்தையைத் தூக்கியதும் 'யார் நிறம்?' என்று கேட்க வாயெடுக்கும்போது, 'யார் பெயர் வைத்தது?' என்று கேளுங்கள்.